காலி டம்ளர் கூடாது

அலுவலக அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் கூட்டம் மழலையர் வகுப்பறையில் நடந்தது. உட்கார்ந்திருந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, கரும்பலகைக்கு முன்னால். பெரியவர்கள் உட்காரத்தக்க நாற்காலி அந்த அறையில் ஒன்றுதான். அது அவருக்குப் போனது. மற்றவர்களுக்குக் குழந்தைகளின் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். பெரிய டீச்சருக்கு வலப்பக்கம், பொம்மை அலமாரியை ஒட்டி, வகுப்பு டீச்சர். எதிரே சுண்டுவின் அம்மா, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி. ஆள் வாட்டசாட்டம், நாற்காலி அவருக்கடியில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் நம்ப முடியும். கதவோரம், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் ஆயாம்மா. ஓவிய மேசைக்குப் பின்னால் குறிப்பெடுக்க நான். பள்ளியின் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் கையெழுத்தில்தான் நடக்கிறது.

சுண்டு உட்காரவில்லை. ஜன்னல் திண்டுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே சிறியவள் என்பதால் வந்த பெயர் அது. ஐந்து வயது.

திண்டின் மேல் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பீன்ஸ் விதை. விதையிலிருந்து வேர் இறங்குவதும் தண்டு நிமிர்வதும் வெளியே தெரியும். செடிகளின் வளர்ச்சி பற்றிய பாடம் ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கிறது. முதல் நாள் தட்டில் விதைகளைப் பரப்பி, ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடுத்த நாள் விதை ஊறிப் பெருத்திருக்கும். அதன் பிறகு தோல் வெடிக்கும், வேர் வரும், தண்டு வரும், இலை வரும். நடுவில் குழந்தைகளைத் தரையில் சுருண்டு உட்கார வைத்து, மெதுவாக எழச் சொல்லி, கைகளை இலையாக விரிக்கச் சொல்வதும் உண்டு. இந்தத் தடவை ஒரு பையன் மட்டும் எழவில்லை. "எனக்கு இன்னும் மழை பெய்யல டீச்சர்" என்றான்.

இந்த ஆண்டு வகுப்பு டீச்சர் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு குழந்தையும் தன் விதைக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் வைத்தால் உற்றுப் பார்ப்பார்கள், உற்றுப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும் என்பது அவர் எண்ணம். எண்ணம் பலித்தது. வினையும் அங்கேதான் தொடங்கியது.

சுண்டு தன் வெள்ளை விதைக்குக் 'கொட்டாவி' என்று பெயர் வைத்தாள். விதையின் கண் இருக்கும் இடம் வாயைத் திறந்த மாதிரி இருந்ததாம்.

கூட்டம் எதற்கு என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவோம். வகுப்பு டீச்சர் தகுதிகாண் காலத்தில் இருந்தார். அவரைப் பணியில் உறுதி செய்யலாமா, அனுப்பிவிடலாமா என்று பெரிய டீச்சர் தாளாளருக்கு எழுத வேண்டிய அறிக்கை அன்று மாலையே பள்ளி வேனில் போயாக வேண்டும். பெற்றோர் தரப்பில் புகார் இருந்தால் அதையும் அறிக்கையிலேயே எழுத வேண்டும் என்பது விதி. வேலை உறுதியானால்தான் ஊரில் அத்தை வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கையை அழைத்து வந்து இங்கே கல்லூரியில் சேர்க்க முடியும் என்று டீச்சர் என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். அறிக்கைத் தாளில் தேதியும் விலாசமும் எழுதி, மற்றதைக் காலியாக விட்டுக் கையில் வைத்திருந்தேன்.

"நான் சண்டை போட வரல" என்று சுண்டுவின் அம்மா ஆரம்பித்தார். மருந்துக் கடையில் பில் போடுகிறவர்; பேச்சும் அளந்துதான் வந்தது. "ஒரு விஷயம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"அக்காதான் சண்டை போட வரல" என்றார் தம்பி. "நான் அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"நீ வாயை மூடிட்டு இரு."

"உட்காருங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார் பெரிய டீச்சர்.

"உட்கார்ந்துட்டுதான் மேடம் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆயாம்மா மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சுண்டுவின் அம்மா சொன்னதன் சுருக்கம் இது. போன வாரம் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்த சுண்டு, டம்ளரில் கொட்டாவி இல்லை, வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். கொட்டாவி வெள்ளை; இது சிவப்பு. வகுப்பு டீச்சரிடம் கேட்டதற்கு, வளரும்போது நிறம் மாறும் என்று சொல்லிவிட்டார். செவ்வாயும் அதே பேச்சு. புதன்கிழமை டைரியில் 'செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறுக்கிறாள்' என்று எழுதி வந்தது. அம்மா கூப்பிட்டு விசாரித்தார். "டீச்சர் பொய் சொல்றாங்க" என்றாள் சுண்டு.

"பெரியவங்களைப் பொய் சொல்றாங்கன்னு சொல்லுவியான்னு அடிச்சேன்" என்றார் அம்மா. "ரெண்டு அடி. அழல. அதுதான் எனக்கு இன்னும் கோபம். மறுநாள் கூட்டிட்டுப் போக வந்தப்போ இவங்க ஒரு தட்டு நிறைய முளைச்ச சிவப்பு விதையைக் கொண்டு போறாங்க. என்ன ஆயாம்மா, வீட்டுல தோட்டமான்னு கேட்டேன்."

எல்லோரும் ஆயாம்மாவைப் பார்த்தார்கள்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார் ஆயாம்மா. "இதுல என்ன இருக்கு? வருசா வருசம் நடக்குறதுதானே. பள்ளிக்கூடத்துல போடுற அன்னைக்கே நானும் வீட்டுல ஒரு தட்டுல போட்டுடுவேன். இங்க எது முளைக்கலையோ, சனி ஞாயிறுல அதை எடுத்துட்டு நம்மளதை வச்சுடறது. பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுல்ல. இந்தத் தடவை வெள்ளை தீர்ந்து போச்சு. கடைசியா ஒண்ணுக்குச் சிவப்பை வச்சேன். அது போய் இந்தச் சிட்டுகிட்ட மாட்டும்னு யார் கண்டா? மத்ததுங்களுக்கு வச்சிருந்தா கவனிக்காமலே போயிருக்கும்."

"சுரையைப் போட்டா அவரையா முளைக்கும்?" என்றார் தம்பி. நாள் முழுக்க யோசித்து வைத்திருந்ததை இடம் பார்த்துச் சொன்ன திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

பெரிய டீச்சர் மேசை மேலிருந்த வண்ணப் பென்சில் ஒன்றை எடுத்து, கூர் பார்த்து, திரும்ப வைத்தார். இருபது வருடமாக அந்தப் பள்ளியை நடத்துகிறவர். பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான், அங்கே காலி டம்ளர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. நானும்தான்.

"சின்ன விஷயம்மா இது" என்றார். "குழந்தைக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொன்னாப் போதும். கண்ணு, இங்க வா."

சுண்டு வந்தாள்.

"விதை வளர்றப்போ பழைய சட்டையைக் கழட்டிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கும். நீ போடறே இல்ல, அது மாதிரி."

"சிவப்புச் சட்டையா?"

"ஆமா."

"மத்த எல்லாரோடதும் வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கு?"

"சிலது மட்டும் மாத்திக்கும்."

சுண்டு திரும்பி வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். அடி வாங்கியபோது அம்மாவையும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

வகுப்பு டீச்சர் அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இப்போது சுண்டுவின் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"டீச்சர்" என்றார் பெரிய டீச்சர். அந்த ஒரு வார்த்தைதான். அது எச்சரிக்கை.

"சுண்டு, நீ சொன்னதுதான் சரி" என்றார் வகுப்பு டீச்சர். "இது கொட்டாவி இல்ல. கொட்டாவி முளைக்கல, அழுகிப் போச்சு. மாத்தறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே பார்த்தேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. வளர்றப்போ நிறம் மாறும்னு சொன்னது பொய். விதையோட தோல் அப்படி மாறாது. காய்ஞ்சு உதிர்ந்துடும்."

என் பேனா 'பொய்' வரை வந்து நின்றிருந்தது. தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஆசிரியை பெற்றோர் முன்னிலையில் சொன்ன வாக்கியம். குறிப்பில் அதை எழுதாமல் விட வழியில்லை. எழுதினேன்.

"ஏன் அழுகிச்சு?" என்றாள் சுண்டு.

"தண்ணி அதிகமாயிடுச்சு. விதைக்கு ஈரமும் வேணும், காத்தும் வேணும். தண்ணியிலேயே கிடந்தா மூச்சு முட்டும்."

"நான் ஊத்தினதா?"

இங்கேயும் ஒரு சின்னப் பொய்க்கு இடம் இருந்தது. சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நீ ஊத்தினே. நீ போனப்புறம் நான் ஊத்தினேன். நான் ஊத்தினது தெரியாம ஆயாம்மாவும் ஊத்தினாங்க. யார் தண்ணியில அழுகிச்சுன்னு சொல்ல முடியாது. எல்லார் தண்ணியும் அதுல இருந்துச்சு."

"எனக்குத் தெரிஞ்சு ஒரு கல்யாணப் பந்தியில குழம்புக்கு இப்படித்தான் மூணு பேர் உப்பு போட்டாங்க" என்றார் தம்பி. அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"இப்ப கொட்டாவி எங்க?"

"குப்பையில" என்றார் டீச்சர்.

"நான்தான் போட்டேன் கண்ணு" என்றார் ஆயாம்மா. "டீச்சர் போடல."

"தோட்டத்துக் குப்பைக்குழியிலயா, தெருக் குப்பை வண்டியிலயா?"

"குழியிலதான்."

"அப்ப மண்ணாயிடும்" என்றாள் சுண்டு. பாடத்தில் அதுவும் வந்திருந்தது. பிறகு, கணக்கைச் சரிபார்க்கிறவள் போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "யார் மாத்தச் சொன்னது?"

வகுப்பு டீச்சர் சேலை மடிப்பை நீவினார். ஆயாம்மாவுக்குக் கூரையில் ஏதோ வேலை வந்துவிட்டது. நான் முந்தைய வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. சுண்டுவின் பார்வை வரிசையாகச் சுற்றி வந்து, பெரிய நாற்காலியில் நின்றது.

"நான்தான்" என்றார் பெரிய டீச்சர்.

"ஏன்?"

"காலி டம்ளர் இருந்தா பார்க்க நல்லா இருக்காதுன்னு."

"யார் பார்க்க?"

"வர்றவங்க."

சுண்டுவுக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அப்ப இது யாரோடது?"

"என்னோடதுதான், வேற யாரோடது" என்றார் ஆயாம்மா.

சுண்டு ஜன்னலுக்குப் போய்ச் சிவப்பு விதை முளைத்திருந்த டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, பாதி வழியில் நின்று, தளும்புகிறதா என்று பார்த்து, மறுபடி நடந்து, ஆயாம்மாவின் மடியில் வைத்தாள். "இந்தாங்க. நான் தண்ணி ஊத்தல. உங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தா ஊத்தியிருப்பேன்."

டம்ளர் இருந்த இடம் திண்டில் வட்டமான ஈரத் தடமாகத் தெரிந்தது. அதை மறைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா அடிச்சது தப்பு" என்றார் சுண்டுவின் அம்மா, மகளைப் பார்க்காமல்.

"தெரியும்."

"தெரியுமாமே" என்றார் தம்பி. "உன் பொண்ணுதான்கா, சந்தேகமே இல்ல."

பெரிய டீச்சர் பெற்றோருக்கான புகார்த் தாளை நீட்டினார். நியாயம் என்றால் நியாயம்; கேட்காதவர்களுக்கும் கொடுத்துவிடுவது அவர் பழக்கம். சுண்டுவின் அம்மா வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

"எழுதணும்னுதான் வந்தேன். எழுதினா, பொய் சொன்னாங்கன்னும் எழுதணும். நான் வந்து உட்கார்ந்தப்புறம் கேட்காமலே அதை ஒத்துக்கிட்டவங்களும் அவங்க ஒருத்தர்தான்னும் எழுதணும். இந்தத் தாள்ல அதுக்கு இடமில்ல." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்களே எழுதிக்குங்க. எப்படி எழுதினீங்கன்னு மட்டும் எனக்கு ஒரு நகல் வேணும்."

எழுந்தார்கள். தம்பி எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. ஆயாம்மா பிடித்து இழுத்துக் கழற்றினார். "முளைச்சிடுச்சு தம்பி உங்களுக்கு" என்றார். அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகும் தம்பி எதற்கோ சமாதானம் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

அறையில் நாங்கள் நாலு பேர் மிஞ்சினோம். வேன் கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தது.

"எழுதுங்க" என்றார் பெரிய டீச்சர். நான் தாளை நேராக்கினேன். "வகுப்பாசிரியையின் கவனக்குறைவால் ஒரு குழந்தையின் விதை..."

எழுதினேன். வகுப்பு டீச்சர் அலமாரியில் கிடந்த கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கத் தொடங்கினார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

"நிறுத்துங்க" என்றார் பெரிய டீச்சர். "அதை அடிச்சிடுங்க. இல்ல, வேற தாள் எடுங்க."

வேறு தாள் எடுத்தேன்.

"அந்தச் சின்னதுகிட்ட 'நான்தான்'னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வகுப்பு பூராவும் சொல்லும். சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் போயிடும். தாளாளர் பேரனும் இந்த வகுப்புலதான்." ஆயாம்மா பக்கம் திரும்பினார். "அவன் டம்ளர்?"

"அதுவும் நம்மளதுதான் மேடம்" என்றார் ஆயாம்மா. "அவன் விதையை முதல் நாளே கடிச்சுப் பார்த்துட்டான்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பேரனின் செடிதான் எல்லாவற்றையும்விட உயரம். தாளாளர் போன வாரம் வந்து அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"மேடம்" என்றார் வகுப்பு டீச்சர், கட்டைகளை விட்டுத் திரும்பி. "மாத்தி வச்ச எல்லாருக்கும் நாளைக்கு நானே சொல்லிடறேன். சுண்டு சொல்லி அவங்க தெரிஞ்சுக்கறதைவிட அது நல்லது. முளைக்காததும் பாடம்தான். ஏன் முளைக்கலைன்னு கேட்பாங்க, சொல்லலாம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அழுவாங்க."

"சில பேர் அழுவாங்க. ஒருத்தன் சந்தோஷப்படுவான், மழையே பெய்யலைன்னு அன்னைக்கே சொன்னேனேம்பான்."

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எழுதுங்க" என்று மறுபடி தொடங்கி, நிறுத்தாமல் சொன்னார். நான் எழுதியது இது:

'மழலையர் வகுப்பில் முளைக்காத விதைகளை எடுத்துவிட்டு, வீட்டில் முளைக்க வைத்தவற்றை வைப்பது என் உத்தரவின்பேரில் நடந்து வந்தது. இந்த ஆண்டு அவ்வாறு மாற்றியதை ஒரு குழந்தை கண்டுபிடித்துக் கேட்டபோது, வகுப்பாசிரியை முதலில் தவறான விளக்கம் அளித்தார். பின்னர் அக்குழந்தையிடமும் தாயாரிடமும் உண்மையைச் சொன்னார். தங்கள் பேரனுடைய செடியும் மாற்றி வைத்ததே என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வழக்கம் இன்றோடு நிறுத்தப்படுகிறது. வகுப்பாசிரியையைப் பணியில் உறுதி செய்யுமாறு பரிந்துரைக்கிறேன்.'

"'தவறான விளக்கம்' இருக்கணுமா மேடம்?" என்று கேட்டேன். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

"இருக்கட்டும்" என்றார் வகுப்பு டீச்சர், பெரிய டீச்சர் வாய் திறப்பதற்குள்.

இரண்டு பேரும் படித்துப் பார்த்தார்கள். பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக முதலெழுத்து மட்டும் போடுகிறவர் அன்று முழுப் பெயரையும் எழுதினார். சுண்டுவின் அம்மாவுக்கு நகல் எடுத்துத் தனியே வைத்தேன்.

"உறுதி ஆகுமா மேடம்?" என்றார் வகுப்பு டீச்சர்.

"தெரியாதும்மா. பேரன் செடியைப் பத்தின வரியைப் படிச்சுட்டு அவர் என்ன மனநிலையில அடுத்த வரிக்கு வருவார்னு யார் சொல்ல முடியும்? என் கையில இருந்தது இவ்வளவுதான்."

"தங்கச்சிக்கு என்ன எழுதறது?"

"பதில் வரட்டும், எழுதலாம்."

கடிதத்தை மூன்றாக மடித்தேன். உறையில் போட்டேன். ஓவிய மேசையில் குழந்தைகளின் பசை டப்பா இருந்தது. அதில் விரல் தோய்த்து விளிம்பில் ஒரே சீராகத் தடவி, மடித்து, அமுக்கி, பசை பிடிக்கும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். வேன் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையை வாங்கி, விலாசத்தைப் படித்து, முன் கண்ணாடியை ஒட்டிய தட்டில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தார். வண்டி கிளம்பிப் போனது.